ஒரு தடவை வெளியூர் ஸ்டூடண்ட்னு எழுதிட்டா கடைசி வரைக்கும் அதேதானா? கனெக்டிகட் 1971 ட்யூஷன் கேஸ், முழு அலசல்

அமெரிக்காவுல ஸ்டேட் யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸோ பிஎச்டியோ சேர்றவங்களுக்கு முதல் வருஷ பில்லைப் பாத்ததும் வர்ற கேள்வி ஒண்ணுதான். இங்கயே குடி வந்தாச்சு, லீஸ் போட்டாச்சு, லைசென்ஸ் மாத்தியாச்சு, அடுத்த வருஷமாவது இன்-ஸ்டேட் ரேட்டு, அதாவது உள்ளூர்க்காரங்களுக்கான கம்மி ட்யூஷன், போடுவானா மாட்டானா. ஒவ்வொரு ஸ்டேட்டும் இதுக்கு ஒரு ரூல் புக்கு வெச்சிருக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது, ஆனா எல்லாத்துக்கும் அடியில கிடக்கிறது 1973 ஜூன் 11 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டு குடுத்த தீர்ப்பு, வ்லாண்டிஸ் எதிர் க்ளைன். பேரு கேள்விப்பட்டவங்க கம்மி. படிச்சவங்களும் பாதி பேரு அதை தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க, கோர்ட்டு ஸ்டூடண்ட் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு அதனால ஒரு வருஷம் இருந்தாலே போதும்னு. அப்படி எதுவும் அதுல இல்ல. என்ன இருக்குன்னு பாப்போம்.

1971 ஜூன் செஷன்ல கனெக்டிகட் சட்டசபை ஒரு சட்டம் போட்டாங்க. ஸ்டேட் யூனிவர்சிட்டில உள்ளூர்க்காரங்களுக்கு வருஷத்துக்கு 350 டாலர், வெளியூர்க்காரங்களுக்கு 850 டாலர் ட்யூஷன். இன்னிக்கு பாத்தா சில்லறைக் காசு மாதிரி இருக்கும், அன்னிக்கு அது கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு வித்தியாசம். இதுல யாருக்கும் சண்டை இல்ல, உள்ளூர்க்காரனுக்கு கம்மியா வாங்கறது ஸ்டேட்டோட உரிமைனு கேஸ் போட்டவங்களே ஒத்துக்கிட்டாங்க. சண்டை வந்தது யாரு வெளியூர்க்காரன்னு சட்டம் சொன்ன விதத்துல.

கல்யாணம் ஆகாத ஸ்டூடண்டா இருந்தா, அட்மிஷனுக்கு அப்ளை பண்றதுக்கு முந்தின ஒரு வருஷத்துல எந்த ஒரு நாளாவது உன் சட்டப்படியான அட்ரஸ் கனெக்டிகட்டுக்கு வெளிய இருந்திருந்தா நீ வெளியூர். கல்யாணம் ஆகி துணையோட இருக்கிறவங்களா இருந்தா, அப்ளை பண்ற சமயத்துல அட்ரஸ் வெளிய இருந்தா வெளியூர். இது வரைக்கும் கூட கொஞ்சம் பொறுத்துக்கலாம்னு வெச்சுக்கங்க, இதுக்கு மேல ஒரு வரி போட்டாங்க பாருங்க, அதுதான் விஷம். அப்ளை பண்ணப்போ உன் ஸ்டேட்டஸ் என்னவோ அதுவேதான் நீ அங்க படிக்கிற காலம் முழுசும்.

அதாவது ஒஹையோவுல இருந்து அப்ளை பண்ணிட்டு வந்த கல்யாணம் ஆகாத ஒருத்தர் கனெக்டிகட்லயே வீடு வாங்கி, அங்கயே வரி கட்டி, ஓட்டு போட்டு, அங்கயே செட்டில் ஆகிட்டாலும் டிகிரி முடியற வரைக்கும் பில்லுல அவர் ஒஹையோக்காரர்தான். மாத்தணும்னா படிப்பை விட்டு வெளிய வந்து, ஒரு வருஷம் சும்மா அங்க குடியிருந்து, மறுபடி புதுசா அப்ளை பண்ணணும். பிஎச்டி பாதில இருக்கிறவங்க கிட்ட போய் இதை சொல்லிப் பாருங்க.

கேஸ் போட்டது ரெண்டு பேர், ரெண்டு பேருமே ஸ்டோர்ஸ்ங்கிற ஊர்ல இருக்கிற யூனிவர்சிட்டி ஆஃப் கனெக்டிகட் ஸ்டூடண்ட்ஸ். வ்லாண்டிஸ்ங்கிறவர் அந்த யூனிவர்சிட்டியோட அட்மிஷன்ஸ் டைரக்டர், பதவிக்காக அவர் பேரு வந்துச்சு.

முதல் ஆளு க்ளைன். கலிஃபோர்னியாவுல இளநிலை படிச்சிட்டு இருந்தவங்க, கனெக்டிகட்லயே பொறந்து வளர்ந்த ஒருத்தரோட நிச்சயம் ஆகி, கல்யாணத்துக்கு அப்புறம் அங்க போறதா பிளான், அதனால 1971 மே மாசம் கலிஃபோர்னியாவுல இருந்தே ட்ரான்ஸ்ஃபருக்கு அப்ளை பண்றாங்க. இடம் கிடைக்குது. இன்-ஸ்டேட் ஸ்டூடண்டா வரலாம்னு யூனிவர்சிட்டியே சொல்லிடுச்சு. ஜூன் 26 கல்யாணம், ஸ்டோர்ஸ்ல குடித்தனம். அந்த இடைவெளியில புது சட்டம் வந்து உக்காந்துக்கிச்சு, அப்ளை பண்ணப்போ அட்ரஸ் கலிஃபோர்னியா, அதனால நீங்க நிரந்தர வெளியூர்னு மாத்திட்டாங்க. முதல் செமஸ்டர்ல 150 டாலர் ட்யூஷனும் 200 டாலர் வெளியூர் கட்டணமும் கட்டினாங்க. ரெண்டாவது செமஸ்டர்ல 425 ட்யூஷன், மேல இன்னொரு 200, மொத்தம் 625. அதே கிளாஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்திருந்த உள்ளூர்ப் பிள்ளை அந்த செமஸ்டருக்கு கட்டினது 175.

ரெண்டாவது ஆளு கேட்டபானோ. கல்யாணம் ஆகாதவங்க, கிராட் ஸ்டூடண்ட், அதாவது இளநிலைக்கு மேல மாஸ்டர்ஸ், பிஎச்டி மட்டத்துல படிக்கிறவங்க. 1971 ஜனவரில ஒஹையோவுல இருந்து அப்ளை பண்ணாங்க, பிப்ரவரில அட்மிஷன் வந்துச்சு, ஆகஸ்ட்ல பெட்டியைக் கட்டிக்கிட்டு கனெக்டிகட் வந்து ஃபுல்-டைமா சேந்தாங்க. கதை அவ்ளோதான்.

இந்த கேஸைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் க்ளைன் கதையைத்தான் பெருசா சொல்லுவாங்க, கேஸ் பேரும் அவங்க பேருதான், கல்யாணம், வாக்கு குடுத்துட்டு மாத்தின யூனிவர்சிட்டினு பரிதாபப்பட நிறைய இருக்கு. என்னைக் கேட்டா கிராட் ஸ்டூடண்ட்ஸ் பாக்க வேண்டியது கேட்டபானோவை. புருஷன் வழியா வந்த உறவு கிடையாது, சொந்தபந்தம் இருந்ததா கேஸ்ல எங்கயும் வரல, யாரும் முன்கூட்டியே இன்-ஸ்டேட்னு சொன்னதும் கிடையாது. வேற ஸ்டேட்ல இருந்து படிக்கிறதுக்காக மூட்டை கட்டிட்டு வந்த சாதாரண ஆளு, நாம எல்லாரும் வர்ற மாதிரியே. அவங்க கையில இருந்தது கனெக்டிகட் டிரைவிங் லைசென்ஸ், கனெக்டிகட் நம்பர் பிளேட் போட்ட கார், கனெக்டிகட் வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன். க்ளைன் கையிலயும் இதே மூணுதான். கோர்ட்டு ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வெச்சுதான் பாத்துச்சு.

ஸ்டேட் தரப்புல மூணு வாதம் வெச்சாங்க. ஒண்ணு, எங்க காசை எங்க ஆளுங்களுக்கு செலவு பண்றோம். கோர்ட்டு சொன்னது, சரிதான், ஆனா உண்மையிலேயே உங்க ஆளா ஆகிட்டவங்களையும் இல்லனு சொல்றீங்களே, அப்போ நீங்க சொல்ற நோக்கத்துக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம். ரெண்டு, பழைய குடிமக்கள் இத்தனை வருஷம் வரி கட்டியிருக்காங்க, அதுக்கு ஈடா புதுசா வர்றவங்க கொஞ்சம் அதிகம் கட்டட்டும். இது இந்த சட்டத்துக்கே பொருந்தலங்க. கல்யாணம் ஆன ஜோடி அப்ளிகேஷன் போடறதுக்கு முந்தின நாள் கனெக்டிகட்டுக்கு குடி வந்திருந்தாலும் சட்டப்படி உள்ளூர் ஆயிடுவாங்க, அவங்க என்ன வரி கட்டியிருப்பாங்க? மூணாவது வாதம், ஆயிரக்கணக்குல அப்ளிகேஷன் வருது, ஒவ்வொருத்தரும் நிஜமா உள்ளூரானு தோண்டிப் பாக்க முடியாது, ஒரு கோடு கிழிச்சாதான் ஆபீஸ் வேலை நடக்கும். இதுல கொஞ்சம் நியாயம் இருக்குனு எனக்கு தோணுது, ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் பாக்கிறவங்க கஷ்டம் அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா கோர்ட்டு அதையும் ஏத்துக்கல, நிரூபிக்க ஒரு வாய்ப்பு குடுக்கிறதுக்கு நியாயமான வழிகள் இருக்கும்போது உங்க சவுகரியத்துக்காக அந்த வாய்ப்பையே எடுக்கக் கூடாதுனு சொல்லிட்டாங்க. மெயின் தீர்ப்பை எழுதினது ஜஸ்டிஸ் ஸ்டூவர்ட். மறுக்கவே முடியாத ஒரு அனுமானத்தை நிரந்தரமா ஒருத்தர் மேல போடறது, அந்த அனுமானம் நிஜத்துல தப்பா இருந்தாலும் மாத்த வழி இல்லாம வெக்கிறது, அரசியல் சாசனம் சொல்ற முறையான நடைமுறைக்கு விரோதம். இதுதான் தீர்ப்போட சாரம்.

6-3 தீர்ப்பு. அந்த 6ல ஜஸ்டிஸ் வைட் வேற காரணம் சொல்லி, சம பாதுகாப்பு விதிப்படி செல்லாதுனு தனியா எழுதினார். எதிர்த்த மூணு பேரு தலைமை நீதிபதி பர்கர், ரென்க்விஸ்ட், டக்ளஸ். ரென்க்விஸ்ட்டும் டக்ளஸும் ஒரே பக்கம் நின்ன கேஸ்னா அதுவே ஒரு அதிசயம், ஒருத்தர் வலது கோடி இன்னொருத்தர் இடது கோடி. இந்த மறுக்க முடியாத அனுமானம்ங்கிற தத்துவம் ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கல, ரெண்டே வருஷத்துல 1975ல வைன்பெர்கர் எதிர் சால்ஃபி கேஸ்ல கோர்ட்டே அதை சுருக்கிடுச்சு. ஆனா ட்யூஷன் விஷயத்துல தீர்ப்பை யாரும் தூக்கிப் போடல.

இப்போ கோர்ட்டு எதைச் சொல்லலங்கிறதுக்கு வர்றேன், நடைமுறைல இதுதான் நம்மளக் கடிக்குது. ஒரு வருஷம் காத்திருன்னு சொல்றது தப்புனு அவங்க சொல்லவே இல்ல. மின்னசோட்டா யூனிவர்சிட்டியோட ஒரு வருஷ ரூலை எதிர்த்து போட்ட ஸ்டார்ன்ஸ் எதிர் மால்கர்சன் கேஸ்ல 1970ல கீழ்க்கோர்ட்டு ரூல் செல்லும்னு சொல்லி, 1971ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு, வ்லாண்டிஸ் தீர்ப்புலயும் அதை ஞாபகப்படுத்தியே எழுதியிருக்காங்க. 1969லயே ஷபிரோ கேஸ்ல ஏழைகளுக்கான உதவித்தொகைக்கு ஒரு வருஷம் காத்திருக்க சொல்றது செல்லாதுனு சொன்ன கோர்ட்டு ஏன் படிப்புக்கு மட்டும் சரின்னு சொல்லுதுனு கேக்கலாம். அதுக்கு தெளிவான பதில் 1999ல சயன்ஸ் எதிர் ரோ கேஸ்ல வருது: டிகிரிங்கிறது கையோட தூக்கிட்டுப் போற பலன், வாங்கிட்டு சொந்த ஊருக்கு கிளம்பிடலாம், அதனால நிஜமா தங்க வந்தவரானு பாக்க ஸ்டேட் கொஞ்ச காலம் எடுத்துக்கலாம். ஆக க்ளைனும் கேட்டபானோவும் ஜெயிச்சது நிரூபிக்கிறதுக்கான வாய்ப்பை. நிரூபிக்க வேண்டிய சுமை ஸ்டூடண்ட் தலையில அப்படியேதான் இருக்கு.

எதை நிரூபிக்கணும்? கனெக்டிகட் அட்டர்னி ஜெனரல் 1972 செப்டம்பர்ல குடுத்த ஒரு கருத்தை தீர்ப்புலயே எடுத்துக் காட்டியிருக்காங்க. விஷயம் டொமிசைல், அதாவது ஒருத்தரோட உண்மையான நிலையான வீடு எது, எங்க போனாலும் திரும்பி வரணும்னு நினைக்கிற இடம் எது. அதுக்கு வருஷம் முழுக்க இங்கயே இருக்காரா, எங்க ஓட்டு, எங்க வரி ரிட்டர்ன், சொத்து எங்க, லைசென்ஸ், கார் ரெஜிஸ்ட்ரேஷன், லீவுல எங்க வேலை பாக்கிறார்னு பாக்கலாம்னு ஒரு பட்டியல். இன்னிக்கு எந்த ஸ்டேட்டோட ரெசிடென்சி ஃபார்மைத் திறந்தாலும் இதே கேள்விங்கதான். அந்த பட்டியல்ல லீவுல வேலைங்கிறதை நிறைய பேரு கவனிக்கிறதே இல்ல. சம்மர் முழுக்க அப்பா அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்ற கிராட் ஸ்டூடண்டை ஃபைல் பாக்கிறவர் எப்படி பாப்பார்னு யோசிங்க.

கிராட் ஸ்டூடண்டுக்கு பெரிய தலைவலி, வந்ததே படிக்கத்தானேங்கிற சந்தேகம். வர்ஜீனியா சட்டத்துல முக்கியமா படிப்புக்காக வந்து தங்கினா அது டொமிசைல் ஆகாதுனு வெளிப்படையாவே இருக்கு, தெளிவான நம்பத்தகுந்த ஆதாரம் வேணும்னும் சொல்லுது. டெக்சஸ்ல டொமிசைலுக்கு வேலை, சொத்து, உள்ளூர்க்காரரோட கல்யாணம், சொந்த பிசினஸ் மாதிரி ஏதாவது ஒரு பிடிமானம் காட்டணும், அந்த வேலைங்கிற கணக்குல டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட்), ஆர்ஏ (ரிசர்ச் அசிஸ்டன்ட்), ஃபெல்லோஷிப் ஸ்டைபண்ட் எல்லாம் சேராது. வாரம் 20 மணி நேரம் அண்டர்கிராட் பசங்களுக்கு பாடம் எடுத்து அந்த சம்பளத்துல அங்கயே வாழ்ந்தாலும் டெக்சஸ் பார்வைல அது வேலை இல்ல. கொடுமைதான். அதே டெக்சஸ் இன்னொரு பக்கமா ஒரு கதவைத் திறந்து வெச்சிருக்கு, அதைக் கடைசில சொல்றேன்.

கலிஃபோர்னியா கணக்கு வேற. யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுல 366 நாள், உடம்பும் அங்க இருக்கணும், அங்கயே இருக்கப் போற எண்ணமும் அந்த 366 நாளும் இருந்ததா காட்டணும். நியூ ஜெர்சில வளர்ந்த ஒரு தமிழ்ப் பொண்ணு, சிட்டிசன், அந்த யூனிவர்சிட்டியோட டேவிஸ் கேம்பஸ்ல மாஸ்டர்ஸ் சேர்றாங்கனு வைங்க. ஆகஸ்ட்ல வந்துட்டாங்க, லீஸ் இருக்கு, கரண்ட் பில் இருக்கு, ஆனா நியூ ஜெர்சி லைசென்ஸை டிசம்பர் லீவு முடிஞ்சு வந்துதான் மாத்தறாங்க, ஓட்டும் அங்கயே கிடக்கு. அடுத்த வருஷம் கிளாஸ் ஆரம்பிக்கிற சமயத்துல உடம்பு வந்து 366 நாள் ஆயிடுச்சு, எண்ணத்தைக் காட்டற காகிதத்துக்கு ஆகல. லைசென்ஸ்ல அச்சடிச்சிருக்கிற தேதி பேசும், நாம பேசறது எடுபடாது. கலிஃபோர்னியாவுக்கு குடி வந்தா 10 நாள்ல லைசென்ஸ், 20 நாள்ல கார் ரெஜிஸ்ட்ரேஷன்னு அங்க மோட்டார் வாகன ரூலே இருக்கு, அதனால லேட்டா மாத்தினா ஏன் லேட்டுனு கேக்க அவங்களுக்கு காரணமும் இருக்கு. போதாததுக்கு 24 வயசுக்கு கீழ இருந்து அப்பா தன்னோட டாக்ஸ்ல டிபெண்டன்ட்னு போட்டு வெச்சிருந்தா அதுக்கும் விளக்கம் சொல்லணும். அப்பாவுக்கு கிடைக்கிற வரிச் சலுகை எவ்வளவு, பொண்ணுக்கு போற காசு எவ்வளவுனு வீட்ல உக்காந்து ஒரு தடவை கணக்கு போட்டுப் பாத்துடறது நல்லது, ஏன்னா அங்க ஆராய்ச்சிப் படிப்பு கிராட் ஸ்டூடண்டுக்கு வெளியூர் கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 15,102 டாலர், பல வருஷமா அதே ரேட்டு.

பிஎச்டி ஆளுங்களுக்கு டிபார்ட்மென்ட் கட்டிடும்னு நினைச்சு சும்மா இருக்கிறவங்களும் உண்டு. கலிஃபோர்னியாலயும் கொலராடோ போல்டர்லயும் நிறைய டிபார்ட்மென்ட் முதல் வருஷ வித்தியாசத்தை மட்டும்தான் ஏத்துக்கும், சிட்டிசனும் கிரீன் கார்டும் வெச்சிருக்கிறவங்க ரெண்டாவது வருஷத்துக்குள்ள ரெசிடென்ட் ஆயிடணும்னு ஆஃபர் லெட்டர்லயே எழுதி விட்டுடுவாங்க. அந்த வரியை அட்மிஷன் வந்த சந்தோஷத்துல யாரும் படிக்கிறதில்ல.

சரி, எஃப்-1ல, அதாவது ஸ்டூடண்ட் விசால வந்தவங்க? தமிழ்நாட்டுல இருந்து நேரா வர்றவங்கள்ல பெரும்பாலும் அவங்கதான். இதுக்கு இன்னொரு கேஸுக்குப் போகணும், மேரிலாண்ட் யூனிவர்சிட்டி, ஜி-4 விசா. உலக வங்கி மாதிரி சர்வதேச அமைப்புகள்ல வேலை பாத்தவங்களோட பிள்ளைங்க, வருஷக்கணக்கா மேரிலாண்ட்லயே வளர்ந்தவங்க, அவங்களுக்கு இன்-ஸ்டேட் கிடையாதுனு யூனிவர்சிட்டி சொல்லுச்சு. 1978ல எல்கின்ஸ் எதிர் மொரேனோனு முதல் தடவை சுப்ரீம் கோர்ட்டு போச்சு. குடியேற்ற சட்டத்துல சில விசாவுக்கு மட்டும் வெளிநாட்டுல கைவிட எண்ணமில்லாத வீடு ஒண்ணு இருக்கணும்னு நிபந்தனை இருக்கு, ஜி-4க்கு அந்த நிபந்தனையே இல்லயே, அப்புறம் எப்படி அவங்களால இங்க டொமிசைல் எடுக்க முடியாதுனு சொல்வீங்கனு கேட்டு, மேரிலாண்டோட சொந்த சட்டம் என்ன சொல்லுதுனு அந்த ஸ்டேட் கோர்ட்டுக்கே கேள்வியை அனுப்பினாங்க. அவங்க ஜி-4 டொமிசைல் எடுக்கலாம்னு பதில் சொல்லிட்டாங்க. யூனிவர்சிட்டி விடல, டொமிசைல் இருந்தாலும் ஜி-4க்கு இன்-ஸ்டேட் கிடையாதுனு கொள்கையை மாத்திப் பிடிச்சாங்க. 1982ல டோல் எதிர் மொரேனோ தீர்ப்பு, ஃபெடரல் சட்டம் அனுமதிச்சு தங்க விட்டவங்க மேல ஸ்டேட் தன்னிஷ்டத்துக்கு கூடுதல் சுமை ஏத்தக் கூடாதுனு அதையும் அடிச்சுப் போட்டாங்க.

இதுல எஃப்-1 எங்க நிக்குதுனு இப்போ புரிஞ்சிருக்கும். கைவிட எண்ணமில்லாத வெளிநாட்டு வீடுங்கிற நிபந்தனை எஃப்-1 விசாவுக்கான சட்டத்துலயே எழுதியிருக்கு, கான்சலேட்ல ஊருக்குத் திரும்பிடுவேன்னு சொல்லித்தான் ஸ்டாம்ப் வாங்கறோம். அதனால பெரும்பாலான ஸ்டேட்ல எஃப்-1ல பத்து வருஷம் இருந்தாலும் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்காது. எச்-1பிங்கிற வேலை விசாவுக்கு அந்த நிபந்தனையை 1990ல எடுத்துட்டாங்க, அதனாலதான் கலிஃபோர்னியா, டெக்சஸ் மாதிரி இடங்கள்ல எச்-1பியும், அவங்க துணையா எச்-4ல இருக்கிறவங்களும் டொமிசைல் காட்ட முடியுது. புருஷன் எச்-1பில இருக்க, தான் எச்-4ல இருந்துக்கிட்டு மாஸ்டர்ஸ் படிக்க நினைக்கிற பெண்கள் நம்ம ஊர்க்காரங்கள்ல ஏகப்பட்ட பேரு, அவங்கள்ல சிலர் ஸ்டூடண்ட்னா எஃப்-1தானேனு யோசிக்காம மாத்திக்கிறாங்க. வேலை அனுமதி, ஓபிடி (படிப்பு சம்பந்தமா வேலை பாக்க எஃப்-1க்கு கிடைக்கிற அனுமதி)னு மாத்தறதுக்கு வேற நல்ல காரணங்கள் இருக்கலாம், ஆனா அந்த ஒரு மாத்தத்துல இன்-ஸ்டேட் தகுதி போகும்னு தெரிஞ்சு மாத்தணும், கணக்கு போட்டுப் பாத்துட்டு.

டொமிசைலைத் தொடாமலே கட்டணம் குறையற வழிகள் எஃப்-1க்கும் உண்டு. டெக்சஸ் கதவுனு சொன்னேன்ல, அங்க உன் படிப்பு சம்பந்தப்பட்ட டிஏ, ஆர்ஏ வேலைல குறைஞ்சது பாதி நேரம் இருந்தா எத்தனை நாளா டெக்சஸ்ல இருக்கேங்கிற கேள்வியே இல்லாம ரெசிடென்ட் ரேட்டு. போட்டி முறைல குடுக்கிற 1,000 டாலரோ அதுக்கு மேலயோ ஸ்காலர்ஷிப் கிடைச்சாலும் அதே சலுகை, வெளிநாட்டு ஸ்டூடண்டும் உள்ளடக்கம், என்ன ஒண்ணு, யூனிவர்சிட்டி அதை மொத்த ஸ்டூடண்ட்ஸ்ல 5 சதவீதத்துக்கு மேல குடுக்க முடியாது. கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில பிஎச்டி குவாலிஃபையிங் பரீட்சை முடிச்சு கேண்டிடேட், அதாவது தீசிஸ் கட்டத்துக்கு வந்தவர், ஆனதும் அந்த 15,102 முழுசா தள்ளுபடி, எந்த விசாவா இருந்தாலும். அதிகபட்சம் மூணு வருஷம்தான். நடுவுல லீவு எடுத்து ரெஜிஸ்டர் பண்ணாம இருந்த காலமும் அந்த மூணு வருஷத்துல கழியும், அது முடிஞ்சும் தீசிஸ் முடியலனா மறுபடி முழுக் கட்டணம், அதனால ரொம்ப சீக்கிரமா கேண்டிடேட் ஆகிட்டு அப்புறம் இழுத்தடிக்கிறவங்க அட்வைசர் கிட்ட தேதியை முன்னாடியே பேசி வெச்சுக்கங்க.